ஒரு பக்கத்துக்கு மட்டும் படி

மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் வீட்டுக்காரன் எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம், அதுவும் பேச்சுக்குத்தான். அங்கே நீங்களும், அக்காவும், அங்கே வந்து தங்கியிருக்கும் என் மனைவியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் முழங்காலுக்குக் கீழே பட்ட அடியில் வீக்கம் வற்றியிருக்கும். மருந்துக்கடை வைத்திருப்பவருக்கு நான் மருந்து சொல்வது அதிகப்பிரசங்கித்தனம். ஆனாலும் ஐஸ் வைத்தீர்களா என்று கேட்காமல் இருக்க முடியவில்லை. அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. அதனால் வந்த வினைதான் இந்தக் கடிதம்.

போனில் பேசலாம் என்றால், நீங்கள்தான் எடுக்கிறீர்கள். எடுத்து, "மாப்பிள்ளை, அவ குளிக்கிறா" என்கிறீர்கள். ஒரு வாரமாக நான் எப்போது கூப்பிட்டாலும் அவள் குளித்துக்கொண்டே இருக்கிறாள். தார்ப்பாய் விற்று, தண்ணீரைத் தடுத்தே பிழைக்கிறவன் நான். எனக்கே இவ்வளவு தண்ணீர் தாங்காது. ஆகவே நடந்ததை என் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். படித்துவிட்டு அவளிடம் கொடுங்கள்.

நான் கயிற்றையும் தார்ப்பாயையும் தோளில் போட்டுக்கொண்டு லாரி நிற்கிற இடமெல்லாம் நடந்து விற்றவன் என்பது உங்களுக்குத் தெரியும். பெண் கேட்டு வந்தபோதும் நடந்துதான் வந்தேன். அப்படிப்பட்டவனுக்கு இவ்வளவு பெரிய வண்டி எதற்கு என்று அக்கா கேட்டதாகக் கேள்விப்பட்டேன். சரக்கு எடுக்கச் சின்னக் காரில் போய் இறங்கினால் மில்காரர் முழுப் பணத்தையும் முன்னாலேயே கேட்கிறார். பெரிய காரில் இறங்கினால் "அவருக்கு ஒரு நாற்காலி போடுப்பா" என்கிறார். அந்த நாற்காலிக்காக வாங்கிய வண்டி இது. உயரம் பார்த்துத்தான் வாங்கினேன். உங்கள் தங்கைக்கு இடுப்பில் ஆபரேஷன் ஆனதும், அதற்குப் பிறகு அவளுக்குக் கால் ஓர் அளவுக்கு மேல் தூக்க வராது என்பதும் அந்த நேரத்தில் என் யோசனையில் வரவில்லை. வண்டி வாசலுக்கு வந்ததும் கதவைத் திறந்துவிட்டேன். அவள் மொட்டைமாடியைப் பார்ப்பதுபோல் சீட்டை அண்ணாந்து பார்த்துவிட்டு, "இதுக்கு ஏணி எங்கங்க?" என்றாள். நான் சிரித்தேன், அவள் சிரிக்கவில்லை. குடோனில் பண்டல் தூக்குகிறவனை 'மலை' என்று கூப்பிடுவோம், நல்ல மனசுக்காரன், அவன் ஓடிவந்து, "அம்மாவை நான் ஒரு கை தூக்கி வெச்சிடறேன் முதலாளி" என்றான். தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அதற்குப் பிறகு பிளாஸ்டிக் முக்காலி வாங்கினேன். அவளை ஏற்றி உட்காரவைத்துவிட்டு, முக்காலியை எடுக்க மறந்து நான் பாட்டுக்கு ஓட்டிக்கொண்டு போய்விடுவேன். கண் ஆஸ்பத்திரி வாசலில் ஒன்று போயிற்று, பேங்க் வாசலில் ஒன்று. பேங்கில் விட்டதில் இப்போது காவலாளி உட்கார்ந்திருக்கிறார். என்னைக் கண்டால் எழுந்து நின்று வணக்கம் வைக்கிறார். முக்காலியை மட்டும் தருவதில்லை. அப்போதுதான் இந்த மோட்டார் படி பற்றிச் சொன்னார்கள். வண்டிக்கு அடியில் மடங்கி ஒளிந்திருக்கும். கதவைத் திறந்தால் தானாக வெளியே வரும், மூடினால் உள்ளே போய்விடும். அதன் விலைக்கு ஒரு மோட்டார் சைக்கிளே வாங்கிவிடலாம். இரும்புக் குழாயில் சாதாரணப் படி வெல்டிங் வைத்தால் இதில் பத்தில் ஒரு பங்குதான் ஆகும். ஆனால் இந்த வண்டியில் அது தண்ணி லாரி மாதிரி இருக்கும் என்று படி மாட்டித் தருகிற ஃபிட்டர் முகத்தைச் சுளித்தான். யோசித்தேன். ஓட்டுகிற பக்கம் நான் ஸ்டியரிங்கைப் பிடித்துத் தொங்கி ஏறிவிடுவேன், எனக்கெதற்குப் படி? "ஒரு பக்கத்துக்கு மட்டும் போடு" என்றேன்.

"ஜோடியாத்தான் சார் வரும். செருப்புக் கடைக்குப் போனா ஒத்தைச் செருப்பா கேப்பீங்க?"

"ஒத்தைக் கால்தான் இருந்தா அதைத்தான் கேப்பேன்."

வியாபாரம் என்றால் வழி இல்லாமல் போகாது மச்சான். இதே மாதிரி படி போட்ட யாராவது, ஓட்டுகிற பக்கத்தை எங்கேயாவது இடித்துக்கொண்டு அந்த ஒரு படிக்காக வருவார்கள் அல்லவா? அவரும் நானும் ஒரு ஜோடியைப் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொள்வது என்று பேசி முடித்தேன். அதுவரை பொறு என்று உங்கள் தங்கையிடம் சொன்னேன். பொறுத்தாள். எங்கும் வெளியே வராமல் பொறுத்தாள். நான் வாரம் தவறாமல் போன் போட்டு, "யாராவது இடிச்சாங்களா தம்பி?" என்று கேட்டுக்கொண்டிருந்தேன். ஒருநாள் ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் ஃபிட்டரே கூப்பிட்டு, "ஒருத்தர் நல்லா இடிச்சாரு சார். ஆனா உங்களுக்கு வேண்டிய பக்கத்தையே இடிச்சிட்டாரு" என்றான். நான் "அடடா, கெடுத்தாரே" என்றேன். எதிரில் சாப்பிட்டுக்கொண்டிருந்த உங்கள் தங்கை பாதியில் கையைக் கழுவிவிட்டாள். ஆளுக்கு அடிபட வேண்டும் என்றா நான் கேட்டேன்? வண்டிக்குத்தானே கேட்டேன்.

கடைசியில் ஒரு பல் டாக்டர் புண்ணியம் கட்டிக்கொண்டார், தூணில் உரசிவிட்டார். படி வந்தது. குறை சொல்ல முடியாது, கூப்பிட்டதும் வந்து, வேலை முடிந்ததும் சத்தமில்லாமல் மறைகிற ஆளை என் வியாபாரத்தில் நான் கண்டதில்லை. மாடி வீட்டுக்காரர், எதிர்வீட்டு அம்மா, இஸ்திரிக்காரர் என்று ஆளுக்கு ஒரு தடவை திறந்து மூடிக் காட்டினேன். உங்கள் தங்கை ஏறும்போதெல்லாம், "பார்த்து மிதி, ஒரு மோட்டார் சைக்கிள் மேல கால் வைக்கறே" என்று பக்கத்திலேயே நின்று சொல்லுவேன். இதற்கு மேல் ஒரு புருஷன் எப்படிக் கவனித்துக்கொள்வான், சொல்லுங்கள்.

பிறகுதான் உங்கள் மகள் பட்டம் வாங்கிய விருந்து. உங்கள் வீட்டு வாசல் என் ஓட்டுகிற பக்கமாக வந்து தொலைத்தது. "நான் மெதுவா இந்தப் பக்கமே இறங்கிச் சுத்தி வந்துக்கறேன்" என்றாள். அந்தப் பக்கம் சாக்கடை ஓரம், கதவைப் பாதிதான் திறக்க முடியும், படி வெளியே வர இடமில்லை. "போட்டது எதுக்கு?" என்று கேட்டுவிட்டு, தெருவைச் சுற்றி எதிர்முனையிலிருந்து உள்ளே விட்டேன். எதிரில் நாற்காலி இறக்க வந்த வேன். அவனும் பின்வாங்க மாட்டான், நானும் மாட்டேன். விருந்துக்கு வந்தவர்கள் அத்தனை பேரும் வெளியே வந்து, தட்டும் கையுமாக, "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம், நிறுத்து" என்று வழி காட்டினார்கள். உங்கள் தங்கை மடியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒருவழியாக நிறுத்தியதும், தங்கை வந்திருக்கிறாளே என்ற பாசத்தில் நீங்கள் கிட்டே வந்து கதவைத் திறந்தீர்கள். படி வெளியே வந்தது. நீங்கள் "அம்மா" என்றீர்கள். நான் ஓடிவந்து குனிந்து தடவிப் பார்த்தேன். படியை.

"நல்லவேளை, ஒண்ணும் ஆகலை" என்றும் சொன்னேன். மறுக்கவில்லை. உங்கள் தங்கை அந்தப் படியில் கால் வைக்காமல், அடிபட்ட மனிதரின் தோளைப் பிடித்துக்கொண்டு நேரே தரையில் இறங்கி, "நீங்க கிளம்புங்க. நான் அண்ணன் வீட்டிலயே இருந்துக்கறேன்" என்றாள்.

மழை இல்லை, அதனால் வியாபாரமும் இல்லை. வீட்டில் காலையிலும் ரொட்டி, ராத்திரியும் ரொட்டி. டி.வி. போட்டால் யாருக்காகப் போட்டோம் என்று இருக்கிறது. நேற்றுச் சாயங்காலம் வண்டியை வாசலில் நிறுத்தி, அவள் பக்கத்துக் கதவைத் திறந்து பார்த்தேன். படி வந்தது. ஏற ஆள் இல்லை. கதவைச் சாத்தும்வரை அதுபாட்டுக்கு நின்றுகொண்டிருந்தது. இதற்கா இவ்வளவு பாடு என்று ஆகிவிட்டது. யோசித்துப் பார்த்ததில், தப்பு ஒரு பக்கம் மட்டும் போட்டதில்தான் இருக்கிறது என்று தெளிந்துவிட்டேன். ஆகவே, யாராவது இடிக்கட்டும் என்று காத்திராமல், ஓட்டுகிற பக்கமும் முழு விலை கொடுத்துப் போட்டுவிடுகிறேன். இனி எந்த வாசலிலும் அவள் எந்தப் பக்கமும் இறங்கலாம், கௌரவமாக. வேலை முடிந்ததும் வந்து அழைத்துக்கொள்கிறேன். நீங்கள் எடுத்துச் சொன்னால் கேட்பாள்.

அக்காவுக்கு என் வணக்கம். பட்டம் வாங்கிய மருமகள் மேலும் மேலும் உயர என் ஆசீர்வாதம். உயரம் மட்டும் பார்த்து எதையும் வாங்க வேண்டாம் என்று சொல்லவும். உங்கள் கால் சீக்கிரம் குணமாக வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மைத்துனன்

பி.கு.: உறையை ஒட்டப்போகும்போது உங்கள் தங்கையே போன் செய்தாள். குளித்து முடித்திருக்கிறாள். ரெண்டு பக்கமும் படி போடப்போவதைச் சொன்னேன். "நான் வரணும்னா பஸ்ல வந்து கூட்டிட்டுப் போங்க" என்றாள். பஸ்ஸில் படி இதைவிட உயரமாயிற்றே, எப்படி ஏறுவாய் என்றேன். "கம்பியைப் பிடிச்சு ஏறிக்குவேன். அதுல கால் வைக்கும்போது யாரும் விலை சொல்ல மாட்டாங்க" என்றாள். போனை வைத்தேன். ஃபிட்டரிடம் வேண்டாம் என்று சொல்லியாயிற்று. நாளைக் காலை முதல் பஸ்ஸில் வருகிறேன். டிக்கெட் என்ன விலை என்று மட்டும் அவள் எதிரில் என்னைக் கேட்டுவிடாதீர்கள் மச்சான். கேட்டால் சொல்லிவிடுவேன்.