சந்திரனின் முன்வாசல்

இரண்டு கோளங்களுக்கு இடையிலான ஈர்ப்பு விசையைக் கணிக்கும்போது, தூரத்தை ஒன்றின் மையத்திலிருந்து மற்றதன் மையம் வரை அளக்க வேண்டும். விதி அதுதான். அறுபத்து நான்கு வயதில், பதிவுத் தபால் ஒன்றை அனுப்பி முடித்த பிறகு, அது எனக்குத் தெரியவந்தது.

எனக்குத் தெரிந்திருந்த விதி வேறு. கல்வி அலுவலகமொன்றில் எழுதுவினைஞராக இருந்து, பாடசாலைகளின் முதலாம் தர அனுமதி மேன்முறையீடுகளைப் பார்த்தே ஓய்வுபெற்றவன் நான். பாடசாலைக்குக் கிட்ட இருப்பவருக்கே முதலிடம் என்பதால், பிள்ளையின் வீட்டு முன்வாசலிலிருந்து பாடசாலையின் வாசல் வரை நேர்கோட்டில் அளக்க வேண்டும். பின்பக்கத்துக் குசினி வாசலிலிருந்து அளந்து ஐம்பது மீற்றரை ஒளித்த தகப்பன்மார் பலரைப் பிடித்திருக்கிறேன். (அவர்களில் ஒருவர் இன்றும் கட்டுகஸ்தோட்டைச் சந்தையில் என்னைக் கண்டால் மீன் வாங்காமலே திரும்பிப் போவார்.)

என் மருமகள் ஜெசிந்தா பௌதிகவியல் ஆசிரியை. பன்வில பாடசாலைக்குப் போக எட்டு வருடமாக விடியுமுன்னே பஸ் ஏறுகிறவள். உயர்தர மாணவர்களுக்கு அவள் எழுதிய வினா விடைக் கைநூலை என் பழைய அலுவலகம் ஏற்றுக்கொண்டு, ஆட்சேபனை உள்ளவர்கள் பதினான்கு நாட்களுக்குள் எழுத்தில் தரலாம் என்று அறிவித்திருந்தது. ஒரு பிரதியை என்னிடம் தந்தாள்.

"மாமா, எழுத்துப்பிழை இருக்கான்னு மட்டும் பாருங்க. கணக்குப் பக்கம் போகாதீங்க."

போனேன். ஏழாவது வினா, பூமிக்கும் சந்திரனுக்கும் இடையிலான ஈர்ப்பு விசை. தூரம் மூன்று இலட்சத்து எண்பத்து நாலாயிரம் கிலோமீற்றர் என்று போட்டிருந்தாள். பக்கத்திலிருந்த படத்தைப் பார்த்ததில், அது பூமியின் நடுவில் தொடங்கிச் சந்திரனின் நடுவில் முடிகிறது என்று தெரிந்தது. பூமியின் நடுவில் யாருக்கு வீடு இருக்கிறது? வாசலுக்கு வாசல் அளந்தால் சுமார் எட்டாயிரம் கிலோமீற்றர் குறைகிறது. அவளுடைய கல்குலேட்டரிலேயே தட்டிப் பார்த்தேன். விசை நூற்றுக்கு நான்கு கூடியது. அதாவது, சந்திரனுக்கு நூற்றுக்கு நான்கு அநீதி.

அவளிடமே கேட்டிருக்கலாம். ஆனால் சம்பந்தப்பட்டவரிடம் வாய்மொழியாக விசாரிப்பது நடைமுறை அல்ல. மருமகள் என்பதற்காகச் சலுகை காட்டினேன் என்ற பேச்சும் எனக்கு வேண்டாம். பணிப்பாளருக்கு நான்கு பந்திகளில் கடிதம் தயாரித்தேன். விடயம்: "வினா இல. 7 இல் சந்திரனின் தூரம் மிகைப்படுத்தப்பட்டமை." பதிவுத் தபாலில் சேர்த்துவிட்டு, கடமை முடித்தவனின் நடையில் வீட்டுக்கு வந்தேன்.

அன்று பின்னேரம் ஜெசிந்தா சிரித்துக்கொண்டே உள்ளே வந்தாள்.

"மாமா, வர்ற வெள்ளிக்கிழமை இன்டர்வியூ! ஆலோசகர் பதவி. கெடச்சா கண்டியிலயே வேலை. கைநூலத்தான் முதல்ல பாப்பாங்களாம். ஒரேயொரு ஆட்சேபனை வந்தாலும் பேரத் தள்ளி வச்சிருவாங்க. நல்லவேளை, இதுவரைக்கும் ஒண்ணும் வரல."

என் மனைவி ஸ்டெல்லா தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

"சும்மாதான் கேக்குறேன்," என்றேன். "தூரத்த எதுக்கு நடுவுலயிருந்து அளக்கிற? வாசல்லயிருந்து அளந்தா என்ன?"

"எந்த வாசல் மாமா?"

"மேற்பரப்புன்னு வச்சுக்கயேன்."

"சரி, நீங்க இப்ப தரையில நிக்கிறீங்க. உங்க கணக்குப்படி உங்களுக்கும் பூமிக்கும் எவ்வளவு தூரம்?"

"பூச்சியம்."

"விசையக் கணிக்கத் தூரத்தோட வர்க்கத்தாலதான வகுக்கணும். பூச்சியத்தால வகுத்தா விசை எவ்வளவு வரும்? எல்லையே இல்ல. இந்நேரம் நீங்க பூமிக்குள்ள போயிருக்கணும்."

அந்த நிமிடம் அதைத்தான் நானும் விரும்பினேன்.

"ஏங்க, மொகம் வெளுத்துப் போச்சு?" என்றாள் ஸ்டெல்லா. பிரஷர் என்று சமாளித்தேன்.

மறுநாள் அலுவலகம் திறக்கும்போது நான் வாசலில் நின்றேன். தபால் பகுதியில் என்னிடம் வேலை பழகிய, அலவத்துகொட ஊர்க்காரர் நௌஷாத் இருந்தார்.

"இன்னும் வரல்ல சேர். வந்தாலும் தர ஏலாது. வாபஸ் வாங்க எழுத்துல தரணும். அதுக்கு ஒரு ஃபைல் தொறக்கணும். சேர் சொல்லித் தந்த முறைதானே?"

ஆம். நான் சொல்லித் தந்த முறைதான். ஃபைல் திறந்தால் அதில் முதல் தாளே என் ஆட்சேபனையாக இருக்கும். ஒன்றும் எழுதாமல் திரும்பினேன்.

வெள்ளிக்கிழமை வந்தது, போனது. தபால்காரரின் மணிச் சத்தம் கேட்டால் அலுமாரிக்குப் பின்னால் ஏதோ தேடுகிறவனைப் போல நின்றேன். மூன்று வாரம் கழித்து, "மாமா, கெடச்சிருச்சு!" என்று ஜெசிந்தா கத்தியபோது நான் அழுதுவிட்டேன். தன் மேல் இவ்வளவு பாசமா என்று அவளும் அழுதாள். (பாசமும் இருந்தது. இல்லையென்று சொல்லவில்லை.)

ஆனால் என் கடிதம் எங்கே? அது எனக்கு மூன்று மாதம் தெரியவில்லை. கடைசியில் பதில் வந்தபோது கையெழுத்து வைத்து வாங்கியவள் ஜெசிந்தா. நான் தடுக்குமுன் பிரித்து, உரக்க வாசித்தாள்: "தங்கள் கடிதத்தில் கையொப்பம் இடப்படாமையால் அது கவனத்திற் கொள்ளப்படாது திருப்பி அனுப்பப்படுகிறது."

அலுமாரியில் இருந்த என் கோவையைத் திறந்து பார்த்தேன். கையொப்பம் அங்கே இருந்தது, நான் வீட்டில் வைத்துக்கொண்ட பிரதியில். முப்பத்தைந்து வருட சேவையிலும் அதற்குப் பிறகும் நான் செய்த ஒரே உருப்படியான பிழை அதுதான்.

ஜெசிந்தா தரையில் உட்கார்ந்து சிரித்தாள். அன்றிலிருந்து நான் கதிரையில் உட்காரப் போனால், "மெதுவா, தூரம் பூச்சியம்!" என்று ஸ்டெல்லா குரல் கொடுக்கிறாள். விருந்தாளிகளுக்கு ஒவ்வொரு முறையும் முழுக் கதையும் சொல்லப்படுகிறது.

அலுவலகத்துக்கும் எங்கள் வீட்டுக்கும் வாசலுக்கு வாசல் இரண்டு கிலோமீற்றர். பதிலில் இடப்பட்டிருந்த திகதி, நான் கடிதம் அனுப்பிய மூன்றாம் நாள். அது வந்து சேர்ந்தது மூன்று மாதம் கழித்து, நத்தார் பண்டிகைக்கு முதல் நாள்.