காயில் அண்ணனின் கிழக்கு

கள்ளக்குறிச்சியைச் சுற்றி இருபது கிலோமீட்டருக்குள் எந்தக் கிணற்று மேட்டில் எந்தப் பறவை உட்கார்ந்து என்ன யோசித்துக்கொண்டிருக்கிறது என்று கேட்டால், உடனே பதில் சொல்லக்கூடியவர் ஒரே ஒருவர்தான். அவர் சொன்ன இடத்துக்குப் போனால் அந்தப் பறவை இருக்காது. அது ஒன்றுதான் குறை.

எங்கள் பறவை பார்ப்போர் வாட்ஸ்அப் குழுவில் அவருக்குப் பெயர் கிடையாது. காயில் அண்ணன். எரிந்துபோன கிணற்று மோட்டார்களைப் பிரித்து, புதிதாகச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுவது அவர் தொழில். மோட்டார் எரியாத கிணறு எங்கள் பக்கம் இல்லை என்பதால் அவர் போகாத வயலும் இல்லை.

எனக்குக் காக்கையையும் கோழியையும் தவிர மற்றதெல்லாம் குருவிதான். குழுவில் நான் சேர்ந்தது என் மகள் பவித்ராவுக்காக. பத்தொன்பது வயதில் அவளுக்குப் பறவைப் பைத்தியம் பிடித்தது. மற்ற அம்மாக்கள் மகள் யாருடன் போனில் பேசுகிறாள் என்று கவலைப்படுவார்கள். நான் எந்த ஏரிக்கரையில் தனியாக நிற்கிறாள் என்று கவலைப்பட்டேன். காலை ஐந்து மணிக்குப் போன் அதிர்ந்தால் மணலூர்பேட்டை ஆற்று மணலில் ஏதோ வந்து இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். ஐந்தரைக்கு அவள் ஸ்கூட்டர் கிளம்பும். அது திரும்பி வந்து வாசலில் நிற்கும்வரை நான் வைக்கும் காபி ஆறிக்கொண்டிருக்கும்.

காயில் அண்ணன் குழுவில் எழுத மாட்டார், பேசி அனுப்புவார். ஒவ்வொரு பேச்சும் ஏழெட்டு நிமிடம். பின்னணியில் சுத்தியல் சத்தம். அவருக்குக் கூகுள் மேப் எல்லாம் கிடையாது. வழியை அவர் மோட்டாரை வைத்துத்தான் சொல்வார். அஞ்சு எச்பி கிணறு தாண்டி ஏழரை எச்பி வரும், அதற்கு பேரிங் போய்விட்டது, கரகரவென்று கத்தும், அந்தக் கத்தலுக்குப் பயப்படாமல் தென்னை மட்டையில் ஒரு மீன்கொத்தி குந்திக்கினு இருக்கும், அதற்கு வடக்கே போங்க. புதுச்சேரியிலிருந்து பீரங்கி மாதிரி கேமராவோடு வந்த ஒரு பெரியவர், பாதி நாள் மோட்டார்களிடம் காதைக் கொடுத்து நின்றுவிட்டு ஊருக்குத் திரும்பினார்.

அவருடைய பைனாகுலரில் ஒரு பக்கம்தான் வேலை செய்யும். மறுபக்கம் ஏதோ கிணற்றில் விழுந்து உடைந்தது. உடைந்ததை அறுத்தெடுத்துவிட்டு, மிச்சத்தில் காயில் கட்டும் துணி டேப்பைச் சுற்றி, வார்னிஷ் அடித்து வைத்திருந்தார். பாதி பைனாகுலரில் முழுப் பறவை தெரியுமா என்று யாரோ கிண்டல் செய்ததற்கு, "ஒரு கண்ணு பறவைக்கு, இன்னொரு கண்ணு பாம்புக்கு" என்றார். கிணற்று மேட்டில் வேலை செய்பவரிடம் அதற்குமேல் என்ன கேட்பது.

ரிஷிவந்தியம் பக்கம் ஒரு கரும்புக்காரரின் ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் சிட்டுக்குருவி கூடு கட்டி முட்டையிட்டிருந்தது. மோட்டாரை ரிப்பேர் செய்யப் போன காயில் அண்ணன் பெட்டியைத் திறந்தார், மூடினார். பார்ட்ஸ் கோயம்புத்தூரிலிருந்து வரவேண்டும், பதினைந்து நாள் ஆகும் என்று சொல்லிவிட்டு, தன் கடையிலிருந்த பழைய மோட்டாரைக் கொண்டுவந்து தனி ஸ்டார்ட்டரோடு இறக்கிக் கொடுத்தார். கரும்புக்காரர் ஒரு நாள் விட்டு ஒரு நாள் கூப்பிட்டுக் கேட்பார். இவர், "இன்னும் ரெடியாவலைங்க, ரெக்கை மட்டும் பாக்கி" என்பார். எந்த மோட்டாருக்கு ரெக்கை இருக்கிறது என்று அந்த மனிதருக்குக் கடைசிவரை சந்தேகம் வரவில்லை.

ஆனால் குழுவில் அவர் பெயர் கெட்டுத்தான் கிடந்தது. அவர் சொன்ன பறவையை அவர் சொன்ன இடத்தில் யாரும் பார்த்ததில்லை. வெயிலில் அலைந்துவிட்டு வந்து கேட்டால் எல்லோருக்கும் ஒரே பதில்தான். "நேத்து இருந்துச்சுங்களே." குழுவின் அட்மின், ஓய்வுபெற்ற கால்நடை டாக்டர், இல்லாத எதற்கும் 'காயில் பறவை' என்று பெயர் வைத்துவிட்டார். டவுன் கடையில் சர்க்கரை இல்லை என்றால்கூட, "சர்க்கரை இன்னைக்குக் காயில் பறவை" என்பார்.

என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர் காயில் அண்ணன். எங்கள் வீட்டு மோட்டாருக்கு மூன்று முறை காயில் கட்டியவர். நான் எத்தனை முறை அண்ணா என்று கூப்பிட்டாலும் பதிலுக்கு "சொல்லுங்க மேடம்" என்றுதான் வரும். நான் அலுவலகத்தில் நாற்காலியில் உட்காருகிறவளாம்.

போன மாசி மாதம். கல்வராயன் மலையடிவாரத்தில் கொம்பன் ஆந்தையின் குரல் கேட்டதாக யாரோ குழுவில் போட்டார்கள். இரண்டு கொம்பு மாதிரி காதிறகு நிமிர்ந்த பெரிய ஆந்தை. பாறை இடுக்கில் கூடு வைக்கும். குழு மொத்தமும் ஞாயிற்றுக்கிழமை தேடக் கிளம்பத் தயாரானது. சனிக்கிழமை மாலை காயில் அண்ணன் பேசி அனுப்பினார். கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறும் சாலை, இரண்டாவது வளைவு, கிழக்கால பக்கம் கைவிட்ட கல் குவாரி, தண்ணி தேங்கின பள்ளத்துக்கு மேல் பாறை இடுக்கு, ரெண்டு குஞ்சு.

ஞாயிறு காலை போனவர்கள் மதியத்துக்குள் வெறுங்கையோடு திரும்பிவிட்டார்கள். குழுவில் 'காயில் பறவை' என்று பத்துப் பேர் சிரித்திருந்தார்கள். பவித்ரா சாப்பிட்டுவிட்டு ஒரு மணிக்குக் கிளம்பினாள். அதுதான் இல்லை என்று சொல்லிவிட்டார்களே என்றேன். ஐந்து மணிக்குள் வந்துவிடுகிறேன் என்றாள்.

நான்கு மணிக்கே போன் செய்தேன். தொடர்பு எல்லைக்கு வெளியே. நாலேகாலுக்கு, நாலரைக்கு. அவள் அப்பா சேலம் போயிருந்தார். காலையில் போனவர்களைக் கேட்டால், அங்கே யாரும் இல்லையே, பள்ளத்தில் நிறையத் தண்ணீர் இருக்கிறது, பாறை வழுக்கும் என்றார்கள். கேட்காமலே இருந்திருக்கலாம். காயில் அண்ணனைக் கூப்பிட்டேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை. கால் மணி நேரத்தில் மொபெட்டோடு வாசலில் நின்றார். பின்னால் யாருடைய மோட்டாரோ கட்டியிருந்தது. அவிழ்க்க நேரமில்லை. அதன் மேலேயே என்னை உட்காரச் சொன்னார். கச்சிராயபாளையம்வரை ஒரு ஐந்து எச்பி மோட்டார் மேல் உட்கார்ந்து போன தாய் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அப்போது சிரிப்பு வரவில்லை.

கிழக்குக் குவாரியில் அவள் ஸ்கூட்டர் இல்லை. அவளும் இல்லை. பள்ளத்தில் தண்ணீர் பச்சையாக, அசையாமல் கிடந்தது. நான் அந்தத் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றேன். அதை இன்றைக்கும் சில நேரம் சமையலறையில் நின்றபடி பார்க்கிறேன்.

காயில் அண்ணன் தண்ணீரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"மேடம், ஒண்ணு கேக்கறேன். உங்க பொண்ணு புத்திசாலியா?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அவளுக்குப் புத்தியே இல்லை என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவள் நான். இருந்தும் அந்த இடத்தில் வேறு பதில் வாயில் வரவில்லை.

"ரொம்பப் புத்திசாலி."

அவர் பாறைமேல் தொப்பென்று உட்கார்ந்தார். "அப்ப பொண்ணு இங்க இல்ல மேடம். மேற்கால இன்னொரு குவாரி இருக்குது, அதுல இருக்கும். நான்தான் ரெண்டு ஒயர மாத்திட்டேன்."

மறுபடி மொபெட்டில் ஏறியபின் வழியில்தான் சொன்னார். மூன்று வருடம் முன்பு அவர் ஒரே ஒருமுறை கூட்டின் இடத்தை உண்மையாகச் சொன்னாராம். வாலை வெள்ளை நாடா மாதிரி தொங்கவிட்டுக்கொண்டு ஒரு ஈப்பிடிப்பான் கூட்டில் உட்கார்ந்திருந்தது. படம் பிடிக்க வந்தவர்கள், மறைக்கிறது என்று சுற்றியிருந்த கிளையை எல்லாம் ஒடித்துவிட்டார்கள். மறுநாள் திறந்து கிடந்த கூட்டில் காக்கை புகுந்தது. அன்றிலிருந்து திசையை மட்டும் மாற்றிச் சொல்வாராம். மரம், நேரம், குஞ்சு எத்தனை என்பதெல்லாம் சரியாக இருக்கும்.

"மூணு பேஸ் மோட்டார்ல ரெண்டு ஒயர மாத்திக் குடுத்தா ரிவர்ஸ்ல ஓடும் மேடம். ஓடும், தண்ணி மட்டும் வராது. அது மாதிரிதான். சும்மா இருந்தா தேடிக்கினே இருப்பாங்க. ஒரு எடத்த சொல்லிட்டா அங்க சுத்திட்டு வூட்டுக்குப் போயிடுவாங்க. உங்க பொண்ண மட்டும் ரெண்டு தடவ சரியான எடத்துல பாத்தேன். தற்செயலா வந்துச்சின்னு நெனச்சிக்கினேன்."

மேற்குக் குவாரி வாசலில் முள்வேலிக்குப் பக்கத்தில் ஸ்கூட்டர் நின்றது. அவளைக் காணவில்லை. கூடு இருக்கும் இடத்தில் தும்மலைக்கூட விழுங்கிவிடுகிற அந்த மனிதர், இரண்டு கையையும் வாயருகே குவித்துக்கொண்டு, குவாரி முழுக்க எதிரொலிக்கிற மாதிரி என் மகள் பெயரைச் சொல்லிக் கத்தினார். மூன்று முறை. எதிர்ப் பாறையிலிருந்து பெரிய பழுப்பு நிறம் ஒன்று சத்தமில்லாமல் எழுந்து மலைப்பக்கம் போய் மறைந்தது. அவர் அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு நான்காம் முறையும் கத்தினார்.

"இங்கதான் இருக்கேன். கத்தாதீங்கண்ணா," என்று கீழேயிருந்து குரல் வந்தது.

பாறையில் வழுக்கிக் கணுக்கால் பூசணிக்காய் மாதிரி வீங்கியிருந்தது. போனில் சிக்னல் இல்லை. சாலையில் ஆடு ஓட்டிப் போகிறவர்கள் யாரையாவது ஏன் கூப்பிடவில்லை என்று கேட்டேன். "கூப்ட்டா அது பறந்துடும் மா. குஞ்சுங்க வெயில்ல இருக்கும்." மூன்று மணி நேரம் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்திருக்கிறாள். நான் திட்ட ஆரம்பித்தேன். இருவரும் சேர்ந்து உதட்டில் விரல் வைத்தார்கள். பெற்ற பிள்ளையைக் கிசுகிசுத்துத் திட்டியது அன்றுதான். அதில் ஒரு பலனும் இல்லை.

இரண்டு பேரும் தூக்கி அவளை ஸ்கூட்டரில் ஏற்றினோம். நான் ஓட்டினேன். அவர் வரவில்லை. "நீங்க போங்க மேடம். அது வருதான்னு பாத்துட்டு வர்றேன்." திரும்பிப் பார்த்தபோது, வேலிக்கு வெளியே வெகுதூரத்தில், பாதி பைனாகுலரைக் கையில் வைத்துக்கொண்டு குந்தியிருந்தார். அத்தனை தளர்ச்சியாக அவரை நான் பார்த்ததில்லை.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தபோது என் போனுக்கு அவரிடமிருந்து ஒரு பேச்சு வந்தது. ஏழெட்டு நிமிடக்காரர், இரண்டே சொல். "வந்துடுச்சி மேடம்." பவித்ரா அதை நான்கு முறை போட்டுக் கேட்டாள்.

குழுவில் நாற்பது பேர் விசாரித்திருந்தார்கள். எங்கே கிடைத்தாள், எந்தக் குவாரி என்று அட்மின் கேட்டிருந்தார். ரேஷன் கார்டில்கூட ஒரு வயது குறைத்துச் சொல்லாதவள் நான். அன்றைக்கு எழுதினேன்: 'கிழக்குக் குவாரியில்தான். நீங்கள் எல்லோரும் வந்த பிறகு போயிருக்கிறாள். ஆந்தை எதுவும் இல்லை.' காயில் அண்ணன் மட்டும் அதற்கு ஒரு கும்பிடு போட்டார்.

குஞ்சுகள் பங்குனியில் பறந்துவிட்டன. பவித்ரா இப்போதும் ஐந்தரைக்குக் கிளம்புகிறாள். என் காபி இப்போதும் ஆறிப்போகிறது. ஒரே மாற்றம், அவள் எங்கே போகிறாள் என்று காயில் அண்ணனுக்கும் தெரிந்திருக்கிறது.

அந்த ஆந்தை அடுத்த மாசியிலும் அதே இடுக்குக்கு வருமாம். அதனால் எழுதிய இதைப் பத்திரிகைக்கு அனுப்புவதற்கு முன் போனில் அவருக்கு முழுவதும் படித்துக் காட்டினேன். சுத்தியலை நிறுத்திவிட்டுக் கேட்டார். ரெக்கை பாக்கி என்ற இடத்தில் மட்டும் சிரித்தார். முடிந்ததும் ஒரே ஒரு சந்தேகம் கேட்டார்.

"எல்லாஞ் சரி. ரோடு, வளைவு, கிழக்கு, மேற்குன்னு அப்படியே போட்டுட்டீங்களே?"

"ரெண்டு ஒயர மாத்திட்டேன் அண்ணா."

மறுபடி சுத்தியல் சத்தம் கேட்டது.

"அப்ப அனுப்பு தங்கச்சி," என்றார்.