பாதிப்பாதி அண்ணாச்சி

பிறக்காத பிள்ளைகளுக்குப் போட்டோ போட்டவர் பம்பாயிலேயே ஒருவர்தான். எண்பதுகளில் தாராவியில் ஸ்டூடியோ வைத்திருந்த எங்கள் பாதிப்பாதி அண்ணாச்சி.

பெண் பார்க்கும் வீடுகளில் அவருக்கு ஏகக் கிராக்கி. பெண்ணின் நெகட்டிவ் வழியாகப் பாதி வெளிச்சம், மாப்பிள்ளையின் நெகட்டிவ் வழியாகப் பாதி வெளிச்சம். இரண்டையும் ஒரே தாளில் இறக்கி, "இதான் ஒங்க பேரப்பிள்ளை" என்று கையில் கொடுத்துவிடுவார். கண்ணும் வாயும் வரவேண்டிய இடத்தில் முதலிலேயே பென்சிலால் புள்ளி வைத்துக்கொள்வார். இருவரும் நேராகப் பார்த்திருந்தால் இரண்டு முகமும் வெண்ணெய் மாதிரி ஒட்டிக்கொள்ளும். யாருடைய மூக்கு என்று பெற்றவளாலும் சொல்ல முடியாது.

ஒட்டாத முகங்களால்தான் வம்பு. மீசைக்கார மாப்பிள்ளை ஒருவருக்குப் பிள்ளை சாம்பல் நிற மீசையோடு வந்தது.

"பொறக்கும்போதேவா?" என்றார் பெண்ணின் மாமா.

"பாதிதானே வே வந்திருக்கு. மிச்சம் பொறவு வளரும்" என்றார் அண்ணாச்சி.

என் முறையும் வந்தது. ஆண்டாப் ஹில்லில் பார்த்த பெண்ணை எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. அவளுடைய அப்பாவோ, அண்ணாச்சியின் படத்தைப் பார்த்த பிறகுதான் நிச்சயம் என்றுவிட்டார். எனக்குக் கேமரா முன்னால் தலையே நிமிராது.

"தலையத் தூக்கும் தம்பி. கண்ணு கண்ணோட சேரணும்லா."

"தூக்கித்தான் இருக்கேன் அண்ணாச்சி."

"இதுவா? தொலஞ்ச செருப்பத் தேடுத மாதிரில்லா இருக்கு."

நான்கு முறை எடுத்தார். நான்கிலும் என் கண்கள் அவள் கன்னத்தில் போய் இறங்கின. பிள்ளைக்கு நாலு கண், இரண்டு வாய்.

"இதக் காட்டினா நீரு காலத்துக்கும் கட்டப்பிரம்மச்சாரிதான்" என்று படத்தைக் கிழித்துப் போட்டார். "நாளைக்கு வாரும்."

மறுநாள் என்னையும் கூட்டிக்கொண்டு அவரே புதுப் படத்தோடு ஆண்டாப் ஹில்லுக்கு வந்தார். பெண்ணின் அப்பா அதை வெகுநேரம் பார்த்தார்.

"ஏக்தம், அப்பிடியே எம்மவ சாயலு" என்று மலர்ந்தவர், "மாப்ளைய எங்கயும் காணலியே?" என்றார்.

"கூச்ச சுபாவம்லா. உள்ளுக்குள்ள இருக்காரு."

அன்றைக்கே நிச்சயமானது.

மகள் பிறந்து, உட்காரப் பழகியதும் ஸ்டூடியோவுக்குத் தூக்கிப்போனோம். கேமராவைக் கண்டதுமே அவள் தலை குனிந்துகொண்டாள். அண்ணாச்சி என்னைத் தனியே இழுத்தார்.

"படத்துல பிள்ள நிமிந்துல்லா இருந்துச்சு. தப்பு எம்மேலதான் தம்பி. அன்னைக்கு ஒம்ம நெகட்டிவ நான் வைக்கவே இல்ல."

அந்த நிச்சயப் படம் இன்றும் எங்கள் வீட்டுச் சுவரில் இருக்கிறது. ஊருக்கெல்லாம் பாதிப்பாதி கொடுத்த மனிதர், எனக்கு மட்டும் மனைவியை முழுசாகக் கொடுத்துவிட்டார்.