ஜெபம் பண்ணப் போய் வாங்கி வந்த லட்டு

கடவுளோடு தனியாக இருப்பதற்காக வாழ்நாளில் ஒரே ஒரு நாள் விடுப்பு எடுத்தேன். அன்று முழுவதும் அவரிடம் சண்டை போட்டுவிட்டுச் சாயங்காலம் திருப்பதி லட்டோடு வீடு திரும்பினேன்.

எழுபதுகளில் நான் சித்தூரில் ஒரு தமிழ் நாளிதழின் செய்தியாளன். அது சம்பளத்துக்கு. சபைச் செயலாளர், பாடகர் குழு, ஞாயிறு பள்ளி, பெஞ்சுகளின் பாதுகாவலர் எல்லாம் சும்மா. சபையில் ஒருவன் ஒரு வேலையை ஒழுங்காகச் செய்துவிட்டால், இன்னும் மூன்றைக் கொடுத்துத் தண்டிப்பார்கள்.

அந்த வருடக் கன்வென்ஷன் கூட்டத்தில் பிரசங்கியார், "தினமும் ஒரு மணி நேரம் ஆண்டவரோடு தனித்திருப்பேன் என்கிறவர்கள் எழுந்து நில்லுங்கள்" என்றார். அதே நேரம் மைக் கரகரத்தது. வயரைச் சரிசெய்ய எழுந்தேன். "முதலில் எழுந்த சகோதரருக்காக ஸ்தோத்திரம்" என்றார். பந்தல் முழுக்க என்னைப் பார்த்தது. இனி உட்கார முடியுமா?

மறுநாள் காலை அறைக் கதவைச் சாத்தி முழங்காலிட்டேன். ஐந்தாவது நிமிடம் கதவில் தட்டு. சபை மூப்பர் மோசஸ் மேஸ்திரி.

"ஜெபத்துல கீறீங்களா சார்? ஒண்ணும் அவசரம் இல்ல. நீளப் பெஞ்சு ரெண்டு காணோம். யார் வூட்டுல கீது, அத மட்டும் சொல்லிட்டு ஜெபம் பண்ணுங்க."

அடுத்த நாள் பாடகர் குழு. அதற்கடுத்த நாள் போதகரே வந்தார். "ஜெபத்தைக் கெடுத்துட்டேனோ தம்பி?" என்று வருத்தப்பட்டுவிட்டு, ஜெபக்கூட்ட அறிவிப்பை உடனே எழுதி வாங்கிக்கொண்டு போனார். பத்தாவது நாள் நான் தூக்கத்தில் பல்லைக் கடிப்பதாக மனைவி எஸ்தர் சொன்னாள்.

"ஜெபம் பண்ணாதப்போ நல்லாத்தான இருந்தீங்க?"

யோசித்துத் திருப்பதியைத் தேர்ந்தெடுத்தேன். எங்கள் சபையார் ஒருவரும் எட்டிப் பார்க்காத இடம் அந்த ஊர் லாட்ஜ்தான். (அப்போது என்னைப் புத்திசாலி என்று நம்பிக்கொண்டிருந்தேன்.) ஒரு சனிக்கிழமை காலை பஸ் பிடித்தேன்.

லாட்ஜ் மேனேஜர், "ஒக்கரேனா?" என்றார். ஆமாம், ஒருவன்தான் என்றேன். தரிசனமா, மொட்டையா என்று கேட்டார். இரண்டும் இல்லை, அறை மட்டும் போதும் என்றேன். குடும்பம் இல்லை, பெட்டி இல்லை, மலைக்கும் போகவில்லை. ஏதோ விபரீதம் செய்துகொள்ள வந்தவன் என்று முடிவு கட்டிவிட்டார். அரை மணிக்கு ஒருமுறை கதவைத் தட்டினார். தண்ணீர் வேண்டுமா? காபி வேண்டுமா? ஊரில் யாருக்காவது தந்தி அடிக்கவா? நான்காவது தட்டுக்குக் கதவைத் திறந்து, நான் உயிரோடுதான் இருக்கிறேன் என்று கத்தினேன்.

பிறகு முழங்காலிட்டேன். துதி வரவில்லை, கோபம் வந்தது. சத்தமாகவே வந்தது. மேஸ்திரியைப் பற்றிச் சொன்னேன். மைக்செட்டைப் பற்றிச் சொன்னேன். "என் பெஞ்சு எங்கே ஆண்டவரே? என்னை ஏன் யாரும் விடமாட்டேன் என்கிறார்கள்?" என்று கட்டிலைக் குத்தினேன். சுவர் வெறும் பலகை.

மறுபடி தட்டு. மேனேஜர் என்று நினைத்துத் திட்டத் தயாராகத் திறந்தேன். பக்கத்து அறைப் பெண். புதிதாக மழித்த தலையில் சந்தனம், கையில் ஒரு லட்டு.

"தப்பா நெனச்சுக்காதீங்கண்ணா, காதுல விழுந்துச்சு. வூட்டு சாமானெல்லாம் தூக்கிக்கினு போயிட்டாங்களா? பெருமாள் பாத்துக்குவாரு. மொதல்ல இத துன்னுங்க."

அவள் கண் கலங்கியிருந்தது. அந்த மாதத்தில் என் ஜெபத்தை முழுதாகக் கேட்ட ஒரே மனுஷி. நான் கிறிஸ்தவன் என்று சொல்ல வாய் வரவில்லை. வாங்கிக்கொண்டேன். எங்கள் நாளிதழின் பக்கம் ஒன்றில் மடித்து, பைபிளுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

திரும்பும் பஸ்ஸில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர் மோசஸ் மேஸ்திரி. குழாய் சாமான் வாங்க வந்தாராம். என் பையிலிருந்து நெய்யும் பச்சைக் கற்பூரமும் மணந்தன.

"பையில இன்னா சார்?"

"பைபிள்."

பையின் அடியில் விரிந்துகொண்டிருந்த எண்ணெய்க் கறையை மேஸ்திரி பார்த்தார்.

மறுநாள் ஆராதனைக்கு முன்பே செய்தி சபை முழுக்கப் பரவிவிட்டது. நான் மலையேறினேனாம். வேண்டுதலுக்கு மொட்டை போட்டேனாம். மொட்டை போட்டதை என் தலைமுடியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்கள். என் தொழிலில் இரண்டு வரி போடுவதற்குக்கூடச் சம்பந்தப்பட்ட ஆளை ஒரு வார்த்தை கேட்போம். இங்கே என்னை ஒருவரும் கேட்கவில்லை. அன்று மாலை கமிட்டியில் மேசையைத் தட்டினேன். மலையேறவில்லை, மொட்டை இல்லை, வேண்டுதல் இல்லை. ஒரே செய்தியில் மூன்று பிழை.

போதகர் பொறுமையாகக் கேட்டார். "லட்டு இருந்துச்சா தம்பி?"

"இருந்தது."

"இப்போ எங்க?"

பின்பெஞ்சிலிருந்து எஸ்தர், "நானும் பசங்களும் துன்னுட்டோம் ஐயா" என்றாள். "இவருக்குத்தான் மீதி இல்ல."

மூன்று மாதத்துக்கு எனக்கு எந்தப் பொறுப்பும் கிடையாது என்று தீர்மானம். எல்லாச் சாவிகளையும் மேசைமேல் எறிந்துவிட்டு வந்தேன். இரவெல்லாம் கொதித்தேன். திங்கள் காலை பழக்கத்தில் கதவைச் சாத்தி முழங்காலிட்டு, தட்டும் சத்தத்துக்குக் காத்திருந்தேன். வரவில்லை. ஐந்து நிமிடம், அரை மணி. திட்டுவதற்கு ஆள் இல்லாமல் கோபம் தானாக இறங்கியது. அதற்குப் பிறகு எனக்கும் ஆண்டவருக்கும் நடுவில் ஒன்றும் இல்லை. ஒரு மணி நேரம் போனதே தெரியவில்லை.

அப்படி மூன்று மாதம் இருந்தேன். பிறகு ஒரு காலை, கதவு தட்டப்பட்டது.

"சார், உங்கள மன்னிச்சுட்டோம்" என்றார் மேஸ்திரி. "பெஞ்சு இப்போ நாலு காணோம்."

என் பல் கடிபடும் சத்தம் அடுப்படிவரை கேட்டிருக்க வேண்டும். எஸ்தர் அங்கிருந்தே குரல் கொடுத்தாள்: "எட்டு மணிக்குத் திருப்பதி பஸ்ஸு கீது. போய் ஒரு லட்டு வாங்கியாந்துடுங்க."

இன்றைக்கும் நான் எரிந்து விழுந்தால், பேரப்பிள்ளைகள் வரை, "லட்டு வாங்கியாரவா?" என்று கேட்கிறார்கள். பதில் சொல்லாமல் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறேன். ஒரு மணி நேரத்துக்கு யாரும் தட்டுவதில்லை.