வலது இறக்கை முதலில்

விமானத்துக்கு வலது கை எது, இடது கை எது என்று இனாயத்துக்குத் தெரியவில்லை. பத்து நிமிடத்துக்கு முன்புவரை அது தெரிய வேண்டிய அவசியமும் அவருக்கு இருக்கவில்லை.

சனிக்கிழமை காலை. வடசென்னையில் ஒரு கூட்ஸ் யார்டு. எதிரே தண்டவாளத்தில் ஐந்து வேகன்கள் நின்றன. நடுவில் இருந்த மூன்றில், ஒரு பழைய விமானத்தின் உடல் வாழைத்தண்டை நறுக்கியதுபோல மூன்று துண்டாகக் கிடந்தது. முதல் வேகனில் ஓர் இறக்கை, கடைசி வேகனில் ஓர் இறக்கை. இரண்டையும் நீலத் தார்ப்பாய் போட்டு மூடிக் கட்டியிருந்தார்கள். வடக்கே ஏதோ ஓர் ஊரில் பழைய இரும்பு வியாபாரியிடம் வாங்கி, பதினோரு நாள் சரக்கு ரயிலில் ஊர்ந்து வந்த விமானம். பறந்துகொண்டிருந்த காலத்தில் அதே தூரத்தை இரண்டரை மணி நேரத்தில் வந்திருக்கும்.

வாங்கியவர் தி. நகரில் பாத்திரக் கடை வைத்திருக்கும் சண்முகசுந்தரம் அண்ணாச்சி. கொட்டிவாக்கத்தில், விமானத்துக்குள் உட்கார்ந்து ஆப்பம் சாப்பிடும்படியாக ஓர் ஓட்டல் திறக்கப் போகிறார். வேகனிலிருந்து இறக்கி, டிரெய்லரில் ஏற்றி, அங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது இனாயத்தின் பொறுப்பு. பதினேழு வருடமாகக் கடையின் அண்டா, குக்கர், குத்துவிளக்கை எல்லாம் ஊர் ஊராக அனுப்புகிறவர் அவர்தான். "அண்டாவைவிடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதானவே" என்று சொல்லி அண்ணாச்சி பொறுப்பைத் தலையில் வைத்துவிட்டார்.

கூடவே ஒரு வாக்கும் கொடுத்திருந்தார். வேலை நல்லபடியாக முடிந்தால் ஓட்டலுக்கு இனாயத்துதான் மேனேஜர்.

மேனேஜர் என்றால் நாற்காலி உண்டு. இதன் அருமை தி. நகரில் கடை வேலை பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். வேலை செய்கிறவர்கள் உட்கார வசதி வேண்டும் என்று சட்டம் வந்தபோது அண்ணாச்சி மறுபேச்சுப் பேசாமல் நான்கு ஸ்டூல் வாங்கிப் போட்டார். மறுநாளே அவற்றில் பித்தளைக் குடங்கள் உட்கார்ந்துகொண்டன. பதினேழு வருடமாக நின்ற முழங்கால்கள் இனாயத்தை இப்போது தூங்கவிடுவதில்லை. அந்த நாற்காலி அவருக்கு வேண்டும். மனைவி ஜஹீதாவிடம்கூட அதைப் பற்றி எத்தனையோ முறை சொல்லிவிட்டார்.

அப்படியிருக்கும்போதுதான் அண்ணாச்சியின் போன் வந்தது.

"என்னவே, சாமான் வந்துட்டா?"

"வந்துடுச்சு அண்ணாச்சி. கிரேன் ரெடி. முதல் வேகன்ல இருக்கிற றெக்கைய இறக்கப் போறோம்."

"நில்லும்! அது எந்த றெக்கை?"

"ஏரோப்ளேன் றெக்கைதான் அண்ணாச்சி."

"அது தெரியும்வே. வலதா, இடதா? வீட்டுக்கு வார மருமவ எந்தக் காலை எடுத்து வச்சு வருவா?"

"வலது கால்."

"அப்போ ஏரோப்ளேனு எந்த றெக்கைய எடுத்து வச்சு வரணும்? இசக்கி கண்டிசனாச் சொல்லிட்டா."

இசக்கியம்மாள் அண்ணாச்சியின் மனைவி. கடைக்கு அண்ணாச்சி முதலாளி, அண்ணாச்சிக்கு இசக்கியம்மாள் முதலாளி.

"நாளைக்குக் காலம்பற ஏழே முக்காலுல இருந்து எட்டே முக்கால் வரைக்கும் நல்ல நேரம். அதுக்குள்ள வலது றெக்கை நம்ம வாசல்ல நுழையணும். இடது முன்னால நுழைஞ்சுதுன்னா ஓட்டல் வெளங்காது. நீரும் இங்கன வர வேண்டாம், அண்டாகிட்டயே நின்னுக்கிடும்."

அந்தக் கடைசி வார்த்தைகள் இனாயத்தின் முழங்காலில் போய் இறங்கின.

முதல் காரியமாக ரயில்வே ரசீதைப் புரட்டினார். 'இறக்கை – 2' என்று மட்டும் இருந்தது. யார்டின் சரக்குப் பொறுப்பாளர் நீரஜாவிடம் ஓடினார்.

"மேடம், இதுல வலது எது?"

"ரெண்டுன்னு போட்டிருக்கு. ரெண்டு வந்திருக்கு. ரயில்வேக்கு அதுக்கு மேல தெரியாது சார்."

கிரேன் ஓட்டும் அக்பர் பாஷா டீ குடித்துக்கொண்டிருந்தார். அவரையும் கேட்டுப் பார்த்தார்.

"நமக்குத் தூக்குறது மட்டும்தான் பாய். எந்தக் கைன்னு சொல்றதுக்கு நான் இன்னா டாக்டரா?"

அப்போதுதான் மச்சான் தௌஃபீக்கின் ஞாபகம் வந்தது. ஜஹீதாவின் தம்பி. விமான நிலையத்தில் பெட்டி ஏற்றுகிற வேலை. வீடியோவில் கூப்பிட்டு, தார்ப்பாயின் ஓரத்தைத் தூக்கிக் காட்டினார்.

"இன்னும் கொஞ்சம் தூக்கு மாமா. அந்த மொத்தமான பக்கத்தைக் காட்டு. ஆங். இது லெஃப்டு."

"நல்லாத் தெரியுமாடா?"

"தெனம் அதுக்குக் கீழதான மாமா நின்னுக்கினு கீறேன்!"

ஆக, முன்னால் நிற்பது இடது. வலது கடைசி வேகனில் இருக்கிறது. கிரேன் நிற்பதோ முதல் வேகனுக்குப் பக்கத்தில். வேகன்களை இடம் மாற்ற வேண்டும், அதற்கு எஞ்சின் வேண்டும், எஞ்சினுக்கு மனு வேண்டும். காரணம் என்ற இடத்தில் இனாயத் ஒளிவுமறைவில்லாமல், 'மருமகள் வலது காலை எடுத்து வைப்பதுபோல' என்று எழுதினார். நீரஜா இரண்டு தடவை படித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு நிமிர்ந்தார்.

"சார், இதை நான் மேல அனுப்பினா என்னை வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. கிரேன் வசதிக்காகன்னு எழுதுங்க."

எஞ்சின் பன்னிரண்டு மணிக்கு மேல்தான் வந்தது. முதல் வேகனைக் கழற்றி, கடைசி வேகனைக் கழற்றி, அந்தத் தண்டவாளத்தில் விட்டு, இந்தத் தண்டவாளத்தில் இழுத்து, முன்னது பின்னால் போய்ப் பின்னது முன்னால் வந்து சேர மூன்றரை மணி ஆகிவிட்டது. இனாயத் நெற்றியைத் துடைத்துக்கொண்டு அண்ணாச்சிக்குச் செய்தி சொன்னார்.

"சபாஷ்வே! இரும், பாப்பாவும் ஒரு தடவ பாத்துரட்டும்."

பாப்பா என்பது அண்ணாச்சியின் மகள் ஷண்முகப்ரியா. விமானப் பொறியியல் மூன்றாம் வருடம். அடையாறு வீட்டிலிருந்து வீடியோவில் வந்தாள்.

"அங்கிள், உடம்போட சேர்ற பக்கத்தைக் காட்டுங்க. இப்ப கீழ. சரி, புரிஞ்சிடுச்சு. இது லெஃப்ட் விங்."

அவள் தோளுக்கு மேல் தெரிந்த அண்ணாச்சியின் முகம் கத்தரிக்காய் நிறத்துக்குப் போனது.

"காலையில இருந்து என்னவே செய்தீரு? முன்னால நின்ன வலதைக் கொண்டுபோயி வாலுல கட்டிட்டு, இடதைக் கொண்டாந்து மூஞ்சிக்கு நேரா நிறுத்தியிருக்கீரு!"

"என் மச்சான் எதுத்தாப்புல நின்னு பார்க்கிற மாதிரி சொல்லிட்டான்போல அண்ணாச்சி. எதுத்தாப்புல நின்னா கை மாறிடும்ல."

"பாக்கிறவனுக்கு வலது யாருக்குவே வேணும்? மருமவளுக்கு வலதுதான் வலது!"

"பாப்பா அந்த இன்னொண்ணையும் ஒரு தடவை பார்த்துட்டா..."

"எதுக்கு? ஒண்ணு இடதுன்னா இன்னொண்ணு வலது. இதுக்கும் படிப்பு வேணுமாவே?"

இந்த நியாயத்தில் யாராலும் ஓட்டை கண்டுபிடிக்க முடியவில்லை. இனாயத் கொதித்துப்போய் மச்சானைக் கூப்பிட்டார்.

"டேய், நீ எங்கிருந்துடா பார்த்துச் சொன்ன?"

"பைலட்டு சீட்டுல உக்காந்தா எப்பிடியோ அப்பிடித்தான் மாமா."

"பைலட்டு சீட்டை நீ எப்படா பார்த்த? பொட்டி தூக்குறவன் பொட்டியோட நிக்கணும்!"

சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டார். ஐந்தாவது நிமிடத்தில் மயிலாப்பூரிலிருந்து ஜஹீதா போனில் வந்துவிட்டாள்.

"என் தம்பியப் பொட்டி தூக்குறவன்னு சொன்னீங்களாமே?"

"அது இல்ல ஜஹீதா, றெக்கை..."

"றெக்கை முளைச்சிடுச்சு உங்களுக்கு. மேனேஜர் ஆவுறதுக்கு முன்னாடியே இவ்ளோ. ராத்திரி சாப்பாட்டுக்கு உங்க ஏரோப்ளேன் ஓட்டலுக்கே போயிடுங்க."

போனை வைத்துவிட்டு நீரஜாவைத் தேடிப் போனார். அவர் வாயைத் திறப்பதற்குள் நீரஜா கையெடுத்துக் கும்பிட்டார்.

"எஞ்சின் போயிடுச்சு சார். இனிமே திங்கக்கிழமைதான். மருமகளை அதுவரைக்கும் வாசல்லயே நிக்கச் சொல்லுங்க."

இனாயத் அங்கேயே ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டார். நாற்காலி கொட்டிவாக்கத்திலிருந்து நகர்ந்து நகர்ந்து கடலுக்குள் போவதுபோல் இருந்தது. அக்பர் பாஷாவுக்குப் பாவமாகிவிட்டது.

"பாய், வேகன் வராட்டிப் போவுது. கிரேன் அந்தக் கடைசிக்குப் போவும். ஆனா வழியில அது கீது."

அது என்பது நூற்றிருபது மூட்டை வெங்காயம். காலையில் இன்னொரு ரயிலில் வந்து இறங்கியது. சுமைதூக்குகிறவர்கள் எல்லாரும் அரை நாளோடு போய்விட்டார்கள். வெங்காயத்தின் சொந்தக்காரர் போனில், "ஓரமா வச்சுக்கோ, ஒண்ணுகூட நசுங்கக் கூடாது" என்று பெரிய மனது பண்ணினார்.

இனாயத் பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டார். டிரெய்லர் டிரைவர், அக்பர் பாஷா, அவர், மூன்றே பேர். நாற்பதாவது மூட்டையில் இடுப்பு போனது. அறுபதாவதில் சாக்கு பிய்ந்து வெங்காயம் உருண்டு ஓடியது. அவர் கண்ணிலிருந்து தாரை தாரையாக வழிந்தது வெங்காயத்தாலா, ஜஹீதாவாலா, நாற்காலியாலா என்று அவருக்கே தெரியவில்லை. நீரஜா இரண்டு தடவை டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, அன்றைக்குத் தான் ஒன்றும் பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். பொழுது சாயும் நேரத்துக்கு, கடைசி வேகனில் இருந்த இறக்கை தார்ப்பாயோடு டிரெய்லரில் ஏறியது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறிலிருந்து ஒன்பதுவரை சாலையில் போக போலீஸ் அனுமதி. ஆறு மணிக்குக் கிளம்பினார்கள். கடற்கரைக்கு வந்தால் அங்கே ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே நிறச் சட்டை போட்டுக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தார்கள். மாரத்தானாம். போலீஸ்காரர் விசில் ஊதி, டிரெய்லரை நொச்சிக்குப்பம் பக்கம் திருப்பிவிட்டார். ஞாயிறு காலையில் நொச்சிக்குப்பம் என்றால் சாலையின் இரண்டு பக்கமும் மீன், நடுவில் மயிலாப்பூர் மொத்தமும் பையோடு நிற்கும்.

இனாயத் இறங்கி முன்னால் நடந்தார். "அக்கா, கொஞ்சம் குடையைச் சாய்ச்சுக்க. அக்கா, அந்தக் கூடையக் கொஞ்சம்..." என்று ஒவ்வொரு கடையாகக் கெஞ்சிக்கொண்டே போனார். வஞ்சிரம் வெட்டிக்கொண்டிருந்த ஓர் அம்மாள் தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

"யோவ், ஒத்த றெக்கைய எங்கய்யா எத்துக்கினு போற? மீதிக் கோழி இன்னா ஆச்சு?"

குப்பமே சிரித்தது. இனாயத்தும் சிரித்துவைத்தார். சிரிக்காவிட்டால் வழி கிடைக்காது.

கொட்டிவாக்கம் வாசலுக்கு வரும்போது மணி எட்டு நாற்பத்தொன்று. எட்டு நாற்பத்து மூன்றுக்கு டயருக்கடியில் எலுமிச்சம்பழம் நசுங்கியது. பூசணிக்காய் சிதறியது. இசக்கியம்மாள் தார்ப்பாய்க்கு ஆரத்தி எடுத்து, "வாம்மா மகாலட்சுமி" என்று அதன் நுனியில் ஒரு பொட்டும் வைத்துவிட்டாள். அண்ணாச்சி கண் கலங்கி இனாயத்தைக் கட்டிக்கொண்டார். வெங்காயமும் மீனும் சேர்ந்து மூக்கில் ஏறவே, உடனே விலகியும் நின்றார்.

"ஏ, அந்த நாற்காலியக் கொண்டாங்கலே! உக்காரும்வே, மேனேஜரு."

தேக்கு நாற்காலி. கை வைத்தது. மெத்தை போட்டது. இனாயத் உட்கார்ந்தார். முழங்கால் இரண்டும் அல்லாவுக்கு நன்றி சொன்னதை அவர் காதால் கேட்டார். அந்தப் பெருந்தன்மையில் ஜஹீதாவுக்குப் போன் செய்து, "தௌஃபீக்கை நான் மன்னிச்சுட்டேன்னு சொல்லு. அவன் என்ன பண்ணுவான், எதுத்தாப்புல நின்னு பார்த்துட்டான்" என்றார். ஜஹீதா பட்டென்று போனை வைத்துவிட்டாள்.

அடுத்த ஞாயிறுவரை ஓட்டல் என்று அங்கே இருந்தது ஒரு காலி மனை, மூடிய ஓர் இறக்கை, நாற்காலியில் இனாயத். அந்த ஒரு வாரத்தைப் போல அவர் வாழ்க்கையில் ஒரு வாரம் இருந்ததில்லை. உட்கார்ந்தபடியே டீ குடித்தார், உட்கார்ந்தபடியே போன் பேசினார்.

அடுத்த ஞாயிறு உடலும் மிச்ச இறக்கையும் வந்தன. உடலை நடுவில் நிறுத்தி, இறக்கைகளைப் பக்கத்தில் கிடத்தியாயிற்று. பொருத்துவதற்கு முன் தேங்காய் உடைக்க அண்ணாச்சி கையை ஓங்கினார். இசக்கியம்மாள் சூடம் ஏற்றினாள். ஷண்முகப்ரியா படம் எடுக்கத் தயாராக நின்றாள். முதல் தடவையாக இரண்டு தார்ப்பாயையும் ஒன்றாக உருவினார்கள்.

"பாத்தீராவே? எம் பொண்ணு ஒரே பார்வையில சொல்லிட்டா" என்றார் அண்ணாச்சி, பெருமை தாங்காமல்.

"படிச்ச படிப்பு அண்ணாச்சி. என் மச்சானுக்கு அது ஏது?" என்றார் இனாயத், நாற்காலியில் சாய்ந்துகொண்டு.

கிரேனிலிருந்து இறங்கிய அக்பர் பாஷா ஓர் இறக்கையைச் சுற்றி வந்தார். பிறகு அடுத்ததைச் சுற்றி வந்தார். மறுபடியும் முதலாவதுக்கே போய்க் குனிந்து பார்த்துவிட்டு, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"பாய், உன் மச்சானும் கரெக்டாத்தான் சொல்லிகீறாரு, அந்தப் பாப்பாவும் கரெக்டாத்தான் சொல்லிகீது. ரெண்டுமே இடதுதான்."