நாலு மில்லிமீட்டர் பக்தி

என் மனைவிக்குத் தெரியாமல் ஒரு கல்லை வெளியே அனுப்புவது என்று செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு முடிவெடுத்தேன். டயர் கடையில், ஒரு டிரக்குக்கு அடியில் படுத்துக்கொண்டு எடுத்த முடிவு. வேலைக்காகப் படுத்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். குனிந்தவனால் நிமிர முடியவில்லை, அப்படியே சரிந்து உள்ளே போய்விட்டேன்.

வலது பக்க முதுகில் பிடித்து, விலாவைச் சுற்றிக்கொண்டு, அடிவயிறு வரைக்கும் முறுக்குகிற வலி. நான் அனுபவஸ்தன். இது எனக்கு மூன்றாவது சிறுநீரகக் கல். வந்த உடனேயே ஆள் யாரென்று தெரிந்துவிட்டது.

வலி எனக்குப் பெரிசில்லை. பெரிசுதான், பொய் சொல்வானேன். ஆனால் அதைவிடப் பெரிசு ஒன்று இருந்தது. என் டீ.

தெற்குக் கரோலினாவில் எங்கள் பக்கத்தில் டீ என்றால் ஐஸ் போட்ட இனிப்பு டீ. கொதிக்கக் கொதிக்கச் சர்க்கரையைக் கொட்டிக் கரைத்து, ஆற வைத்து, பெரிய ஜாடியில் ஃப்ரிட்ஜுக்குள் வைத்துவிடுவோம். குழந்தைக்குப் பல் முளைப்பதற்கு முன்பே நாக்கில் அது பட்டிருக்கும். எனக்கு ஒரு நாளைக்கு ஒரு கேலன், சுமார் நாலு லிட்டர் கணக்கு. தண்ணீர் என்பது டிரக் கழுவுவதற்கு.

போன வருஷம் இரண்டாவது கல் வந்தபோது டாக்டர் இந்த டீமேல்தான் பழியைப் போட்டார். கல்லுக்கு வேண்டிய சரக்கு அதில்தான் இருக்கிறதாம். தண்ணீர் குடி, எலுமிச்சம்பழம் பிழிந்து குடி என்றார். நான் தலையாட்டினேன். ஆனால் என் மனைவி ட்விலா தலையாட்டலை நம்புகிற ஜாதி இல்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் நான் புழுவாய்த் துடித்துக்கொண்டிருக்கும்போது பைபிளைக் கொண்டுவந்து என் கையை அதன்மேல் வைத்து, இன்னொரு கல் வந்தால் இந்த வீட்டில் டீயே கிடையாது என்று சத்தியம் வாங்கிவிட்டாள். வலியில் இருக்கிறவனிடம் வீட்டையே எழுதி வாங்கலாம். அவள் டீயை வாங்கினாள்.

ஆகவே, இன்னொரு கல் வரவில்லை. அவளைப் பொறுத்தவரை வரவில்லை. அவ்வளவுதான். முழுப் பூசணிக்காயையே சோற்றில் மறைக்கிறார்கள். நாலு மில்லிமீட்டர் கல்லை மறைக்க முடியாதா?

நாலு மில்லிமீட்டர் என்று சொன்னது டாக்டர். முதலாளியிடம் பல்வலி என்று சொல்லிவிட்டு, பழைய கிளினிக்குக்கே ஓடினேன். போன் நம்பர் பழசுதானே என்று கேட்டார்கள். பழசுதான் என்றேன். படம் எடுத்துப் பார்த்துவிட்டு, இது தானாகவே நாலைந்து நாளில் வந்துவிடும், தண்ணீர் குடி, மாத்திரை போடு, காய்ச்சலோ வாந்தியோ வந்தால் மட்டும் ஒரு நிமிஷம் தாமதிக்காமல் ஓடி வா என்றார் டாக்டர். நர்ஸ் இரண்டு பொருள் கொடுத்தாள். ஒன்று, வலி வரும்போது உடம்பை எப்படி வைத்துக்கொள்வது என்று படம் போட்ட காகிதம். மல்லாந்து படுத்து முழங்காலைக் கட்டிக்கொள்கிற ஆள், தலையணையை அணைத்து ஒருக்களித்துப் படுத்த ஆள், மண்டியிட்டு நெற்றியைத் தரையில் வைத்துக் கையை முன்னால் நீட்டிய ஆள். "இதெல்லாம் கல்லை நகர்த்தாது. இறுகின முதுகு கொஞ்சம் இளகும், மூச்சு விடலாம்" என்றாள். இன்னொன்று, கல் வந்தால் பிடிப்பதற்கு ஒரு வடிகட்டி. காகிதத்தை மடித்து சட்டைப்பைக்குள் வைத்தேன். வடிகட்டியை நாற்காலியிலேயே விட்டுவிட்டு வந்தேன். வீட்டுக்குள் சாட்சியைக் கொண்டுபோக நான் என்ன முட்டாளா?

சாயங்காலம் ஐந்து மணி. ட்விலா கடைக்குப் போயிருந்தாள். திருகல் ஆரம்பித்தது. காலியாகக் கிடந்த அறைக்குள் போய்க் காகிதத்தை விரித்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். மல்லாந்து கட்டிக்கொண்டால் சுமார். ஒருக்களித்தால் தேவலை. மூன்றாவது ஆள்தான் கெட்டிக்காரன். மண்டியிட்டு, கம்பளத்தில் நெற்றியை வைத்து, கையை நீட்டி மூச்சை மெல்ல விட்டேன். அப்பாடா என்றிருந்தது. முழுசாகப் போகவில்லை. ஆனாலும் மனுஷனாக முனக முடிந்தது. "ஆண்டவரே, ஆண்டவரே" என்று முனகினேன்.

கதவு திறந்தது.

"வெர்லின்."

"ம்."

"என்ன பண்றே?"

தலை கீழே இருந்தால் மூளைக்கு ரத்தம் நன்றாகப் போகும்போலிருக்கிறது. பளிச்சென்று பதில் வந்தது.

"ஜெபம் பண்றேன்."

காகிதத்தை வயிற்றுக்கு அடியில் தள்ளினேன்.

"நீயா?"

"நான்தான். ஏன், நான் பண்ணக்கூடாதா?"

"பண்ணலாம். திடீர்னு என்ன?"

"தோணிச்சு."

"தரையில விழுந்தா?"

"பைபிள்ல எல்லாரும் அப்படித்தானே விழறாங்க?"

"நீ எப்பப் படிச்சே?"

"விழறவனைப் போய் இத்தனை கேள்வி கேக்கறியே, ட்விலா."

இந்த இடத்தில் என் பக்தியின் வரலாற்றைச் சொல்லிவிட வேண்டும். இருபத்தேழு வருஷமாக ஈஸ்டருக்கும் கிறிஸ்துமஸுக்கும்தான் நான் சர்ச்சுக்குள் காலெடுத்து வைப்பேன். மற்ற ஞாயிறுகளில் அவளை வாசலில் இறக்கிவிட்டு, டிரக்கிலேயே உட்கார்ந்து ரேடியோவில் கார் ரேஸ் கேட்பேன். என் மனசு மாறணும் என்று அந்த இருபத்தேழு வருஷமும் அவள் வேண்டிக்கொண்டிருக்கிறாள். அதனால்தான் அவள் "சரி, நான் தொந்தரவு பண்ணலை" என்று பூப்போலக் கதவைச் சாத்திவிட்டுப் போனபோது எனக்கு ஒரு பக்கம் பாவமாகவும் இருந்தது. ஒரு பக்கம்தான். இன்னொரு பக்கம் அந்த மூன்றாவது ஆளுக்கு முத்தம் கொடுக்கலாம்போல இருந்தது.

அந்தச் சந்தோஷம் ராத்திரிச் சாப்பாடு வரைகூடத் தாங்கவில்லை. எங்கள் சர்ச்சில் ஜெபச் சங்கிலி என்று ஒன்று உண்டு. ஒருத்திக்கு விஷயம் தெரிந்தால் அடுத்தவளுக்குப் போன் போட வேண்டும், அவள் அடுத்தவளுக்கு. ஊரில் தீப்பிடித்தால்கூட அவ்வளவு சீக்கிரம் செய்தி போகாது. ஏழு மணிக்குள் வாசலில் இரண்டு கேக்கும் ஒரு தட்டு சிக்கன் கேசரோலும் வந்துவிட்டன. கேக்கைப் பார்த்ததும் கூடவே டீ வேண்டுமென்று ஃப்ரிட்ஜைத் திறந்தேன். ஜாடி அங்கே இல்லை. கழுவி மேடைமேல் கவிழ்த்திருந்தாள்.

"டீ எங்கே?"

"ஜெபத்தோட உபவாசமும் சேரணுமாமே. பாஸ்டர்கிட்ட கேட்டேன். சாப்பாட்டை விடவேண்டாமாம். எது ரொம்பப் பிடிக்குமோ அதை விட்டாப் போதுமாம்."

"எனக்கு எது பிடிக்கும்னு நீயா முடிவு பண்ணுவியா?"

"என்னையா விடப்போறே? டீதானே."

பெரிய கண்ணாடித் தம்ளரில் எலுமிச்சம்பழம் பிழிந்த தண்ணீரை முன்னால் வைத்தாள். உபவாசம் இருக்கிறவனுக்குத் தொண்டை காயக்கூடாதாம். மணிக்கொரு தம்ளர். கடைக்கும் ஒரு பெரிய ஃபிளாஸ்க் கட்டிக் கொடுத்தாள். குடித்தேன். வேறு என்ன செய்ய?

புதன்கிழமை அதைவிட மோசம். நான் ஒருக்களித்துப் படுத்துத் தலையணையை அணைத்திருந்தேன். உள்ளே வந்தவள் இது எந்த ஜெபம் என்று கேட்டாள். இளைப்பாறுகிற ஜெபம் என்றேன். மல்லாந்து முழங்காலைக் கட்டிக்கொண்டிருந்தபோது வந்தாள். அதற்கு நன்றி ஜெபம் என்று பெயர் வைத்தேன். மூன்றாவது நிலைக்குப் போனதும் அவளும் பக்கத்தில் மண்டியிட்டுவிட்டாள். தம்பதியாக ஜெபித்தால் பலன் அதிகமாம்.

"ஆண்டவரே, பின்பக்கப் படியில ரெண்டு பலகை ஆடுது. வெர்லினுக்கு அதைச் சரி பண்ண மனசு குடும்."

திருகல் ஒன்று வந்தது. "ஆஆ" என்றேன்.

"ஆமென்" என்று முடித்துக் கொடுத்தாள். "ஆண்டவரே, கூரைத் தண்ணி வடியற தகரத்துல இலை அடைச்சுக் கிடக்கு. அதையும் பாத்துக்கும். அந்த டேப் ஒட்டின சாய்வு நாற்காலியைத் தூக்கி எறியற பலத்தையும் அவனுக்குக் குடும்."

அது என் நாற்காலி. அதை மறுக்க வாயெடுத்தேன். கல் விடவில்லை. மறுபடி "ஆஆ" தான் வந்தது. கடைசியில் என் நெற்றியில் கையை வைத்து ரொம்ப நேரம் அப்படியே இருந்தாள். ஆசீர்வாதம் பண்ணுகிறாள் என்று நினைத்துக் கொஞ்சம் நெகிழ்ந்துகூடப் போனேன். தினம் மூன்று வேளை அந்த ஆசீர்வாதம் நடந்தது.

வியாழக்கிழமை பொறுக்க முடியாமல் பக்கத்து வீட்டு ஹாய்ட்டைத் தேடிப் போனேன். பள்ளிக்கூடத்தில் ஒன்றாகப் படித்தவன். வேலிக்கு அந்தப் பக்கம் நின்று ஜில்லென்று டீ குடித்துக்கொண்டிருந்தான்.

"ஒரு வாய் குடுடா."

"மாட்டேன்."

"டேய், நாப்பது வருஷ சிநேகிதம்டா."

"என் பெண்டாட்டி சங்கிலியில நாலாவது ஆளு. உன் உபவாசத்தைக் கெடுத்தேன்னு தெரிஞ்சா என்னையும் தரையில விழ வச்சிடுவா."

"எனக்கு ஜெபமும் இல்லை, ஒண்ணும் இல்லைடா. கல்லுடா."

"என்ன கல்லு?"

வாய்வரை வந்துவிட்டது. ஹாய்ட்டிடம் சொன்னால் நாலாவது ஆளுக்குத் தெரியும். நாலாவது ஆளுக்குத் தெரிந்தால் முதல் ஆளுக்குத் தெரியும். முதல் ஆள் ட்விலா. "கல்லு மாதிரி உன் மனசுன்னு சொன்னேன்" என்று சமாளித்துவிட்டு வந்தேன். அவன் தம்ளரில் ஐஸ் கிலுங்குகிற சத்தம் சமையலறை வரைக்கும் கேட்டது.

அன்றைக்கே பாஸ்டர் வந்தார். நல்ல மனுஷன். அதுதான் கஷ்டம். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "சகோதரர் வெர்லின், பதினெட்டு வருஷமா பார்க்கிங்ல உங்க டிரக்கைத் தாண்டிப் போகும்போதெல்லாம் உங்களுக்காக ஒரு வார்த்தை வேண்டிக்குவேன். ஞாயித்துக்கிழமை சர்ச்சுல முன்னால வந்து, உங்க மனசு எப்படி மாறிச்சுன்னு சாட்சி சொல்லணும்" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. ட்விலா கண்ணும் அப்படித்தான் இருந்தது. சிரிப்பை அடக்கினாலும் கண் கலங்கும் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நூற்று நாற்பது பேர். என் முதலாளி மூன்றாவது வரிசையில். பல்வலி எப்படி இருக்கிறது என்று கேட்டார். ஜெபத்தில் போய்விட்டது என்றேன். முன்னால் போய் மைக்கைப் பிடித்து, "சகோதர சகோதரிகளே" என்று ஆரம்பித்தேன். அதோடு சரி. ஐந்து நாளில் வராத அளவுக்கு ஒரு திருகல் வந்தது. மைக்கைப் போட்டுவிட்டு அந்த இடத்திலேயே மூன்றாவது ஆளாகிவிட்டேன். மண்டி, நெற்றி, நீட்டின கை எல்லாம் தானாக நடந்தது. ஐந்து நாள் பழக்கம்.

சர்ச்சே பெருமூச்சு விட்டது. முன்வரிசைக் கிழவி ஒருத்தி விசும்பினாள். பாஸ்டரும் என் பக்கத்தில் விழுந்தார். நெற்றியைத் தூக்காமலே ட்விலாவின் செருப்பு வருவதைப் பார்த்தேன். அவள் மைக்கை எடுத்தாள்.

"என் புருஷனால பேச முடியலை. அவர் மனசுல இருக்கறதை நான் சொல்றேன். ஆயுசு முழுக்க இனிப்பு டீயைத் தொடறதில்லைன்னு வெர்லின் யூஜீன் இன்னிக்கு ஆண்டவருக்கும் உங்க எல்லாருக்கும் வாக்குக் குடுக்கறார்."

அவள் என் முழுப்பேரைச் சொன்னால் விஷயம் முடிந்துவிட்டது என்று அர்த்தம். இல்லை, வேண்டாம் என்று கத்தத்தான் வாயைத் திறந்தேன். கல் அந்த நேரம் பார்த்துக் கடைசி வளைவில் திரும்பியது. "ஆஆஆ" என்றேன்.

நூற்று நாற்பது பேரும் "ஆமென்" என்றார்கள்.

எழுந்து கழிப்பறைக்கு ஓடினேன். ஐந்து நிமிஷத்தில் டங்கென்று ஒரு சின்னச் சத்தம். மிளகு அளவுகூட இல்லை. இதற்கா இத்தனை ஆட்டம்? கழுவிக் காகிதத்தில் சுற்றிச் சட்டைப்பையில் வைத்தேன். உடம்பு லேசாக இருந்தது. மனசும் கொஞ்சம் தெளிந்தது. கல் போயிற்று, ரகசியமும் என்னோடு இருக்கிறது. வாக்கு கொடுத்தது அவள், நான் இல்லை. கடையில் ஒரு ஃப்ரிட்ஜ் இருக்கிறது, அதில் ஒரு ஜாடி வைத்தால் யாருக்குத் தெரியும்?

சர்ச் ஹாலில் மத்தியானச் சாப்பாடு. மேஜைக் கோடியில் டீ ஜாடிகள் வியர்த்துக்கொண்டு நின்றன. நான் பக்கத்தில் போனேன். மூன்று பெண்கள் ஒரே சமயத்தில் ஜாடிமேல் கையை வைத்து மூடினார்கள். நாலாவது ஒருத்தி தண்ணீர் கொடுத்தாள். முதலாளி தோளில் தட்டி, "கவலைப்படாதே, கடை ஃப்ரிட்ஜை நான் பாத்துக்கறேன்" என்றார்.

வெளியே வந்து டிரக்கில் உட்கார்ந்தேன். ட்விலா பக்கத்தில் ஏறிக் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"என்ன, பாத்ரூம்ல அவ்வளவு நேரம்?"

"நன்றி ஜெபம்."

"நல்லது" என்று சொல்லிக் கைப்பையைத் திறந்து, நான் கிளினிக் நாற்காலியில் விட்டுவிட்டு வந்த வடிகட்டியையும், என் பேர் ஒட்டின ஒரு சின்ன டப்பாவையும் எடுத்து என் கையில் வைத்தாள். "செவ்வாய்க்கிழமை மத்தியானமே கிளினிக்லேருந்து வீட்டுக்குப் போன் பண்ணி, வரச்சொல்லிக் குடுத்துட்டாங்க. கல்லை இதுல போடு, நாளைக்கு டாக்டர்கிட்ட குடுக்கணும்."