மழை நுழையாத ஜாயின்ட்

கொடைக்கானல் மலையில் மழை நுழையாத இடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது: டேப்பு அண்ணன் டேப் சுற்றிய கேபிள் ஜாயின்ட். மற்றபடி எங்கள் தலையணை, சர்க்கரை டப்பா, மேலதிகாரியின் மூக்கு எல்லாமே ஈரம்தான்.

அறுபதுகளில் நான் நாயுடுபுரத்தில் ஒரு வயர்லெஸ் ஆபீசில் இருந்தேன். பூண்டிக்கு மேலே ஒரு குன்றில் எங்கள் ஏரியல் கம்பம். அதனடியில் தகரக் கொட்டகையில் அண்ணன் தன்னந்தனியாக. ஏரியலிலிருந்து இறங்கும் தடித்த கேபிள் இணைகிற இடத்தில் சொட்டு ஈரம் புகுந்தாலும் பேச்சு செத்துவிடும். அதைக் காப்பதுதான் அவர் வேலை. கொட்டகை மெஷின் ஊர்ப் பேச்சையெல்லாம் வாங்கிக் கடத்தும். அவரோடு பேச மட்டும் ஆளில்லை.

டேப் சுற்றுமுன் ஜாயின்டைக் குளிர்காய வைப்பார். மேலே குடையைக் கட்டிக் கீழே கரியடுப்பு மூட்டுவார். “ஈரத்தோட சுத்துனா மழைய உள்ள வச்சுப் பூட்டுன மாதிரிலே!” என்பார். பிறகு ரப்பர் டேப், தார் டேப், உருக்கிய தேன்மெழுகு. பூண்டு மூட்டை தூக்குபவர்கள் ஏதோ யாகம் என்று நினைத்துக் கும்பிட்டுவிட்டுப் போவார்கள்.

ஒருமுறை பார்வையிட வந்த அதிகாரி சாப்பிட்டு எழுவதற்குள், பனி புகாமலிருக்க அண்ணன் அவருடைய குடைக்கும் டேப் சுற்றிவிட்டார். திரும்பும்போது நல்ல மழை. பெருமாள்மலை வரை அதிகாரி நனைந்தார், குடை நனையவில்லை. அதோடு அதிகாரிகள் வருவதும் நின்றது.

லைன் கெட்டால்தான் ஆபீஸ் ஆள் அனுப்பும். அண்ணன் ஜாயின்டோ கெடவே கெடாது. அரிசி பருப்பைக்கூட லாரிக்காரர் ரோட்டோரம் போட்டுவிட்டுப் போய்விடுவார்.

ஒரு கார்த்திகையில் லைன் செத்தது. “இன்னொரு தடவ இப்படி ஆச்சு, அந்தாள வேலைய விட்டே தூக்கிருவேன்!” என்று மேலதிகாரி குதித்தார். நான் காய்கறி லாரி பிடித்து ஓடினேன்.

ஜாயின்ட் பனியில் திறந்து கிடந்தது. டேப் கத்தியால் நேர்கோடாக அறுபட்டிருந்தது. கொட்டகையில் அண்ணன் சலவைச் சட்டை போட்டு, இரண்டு பேருக்குச் சோறு வடித்து வைத்திருந்தார்.

“என்னண்ணே இது?”

“கொரங்கு அறுத்துருச்சு.”

“கொரங்குக்குக் கத்தி ஏதுண்ணே?”

அண்ணன் அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “மழ எறங்குனா ஒருத்தரும் இந்தப் பக்கம் வர்றதில்ல தம்பி. நேத்து இந்த அடுப்புகிட்ட பேசிக்கிட்டு கெடந்தேன். எனக்கே பயமா போச்சு.”

நான் டேப் சுருளை எடுத்து அவர் கையில் வைத்தேன். “வேல போயிரும்ணே. ஒழுங்கா சுத்துங்க. லைன் நல்லா இருந்தாலும் ஞாயித்துக்கெழம நான் வர்றேன்.”

“போலே. சோலி இல்லாம எவன் இங்க வருவான்?”

ஆபீசில் குரங்கு என்றே சொன்னேன். அந்த ஞாயிறு சொன்னபடி லாரி ஏறினேன். வளைவில், மூடுபனிக்குள், குடைகூட இல்லாமல் தெப்பலாக நனைந்து அண்ணன் நின்றிருந்தார்.

“ஏலே, வெரசா வரத் தெரியாதா? சோறு ஆறிப்போச்சு!”

அதற்கு முன்னும் பின்னும் என்னை அத்தனை ஆசையாக யாரும் திட்டியதில்லை.